சோதித்துப் பார்த்ததா என்று கேளுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பிரசவம் பற்றி உங்கள் வாசகர் பக்கத்தில் சில வாரங்களாக வந்துகொண்டிருக்கும் கடிதங்களை விடாமல் படிக்கிறேன். ஆஸ்பத்திரிக்குப் போனாலே ஊசியும் கத்தியும்தான், பிள்ளைப்பேறு இயற்கையானது, அதன் போக்கில் விட்டுவிடுங்கள் என்று ஒரு சாரார் எழுதுகிறார்கள். தாயும் பிள்ளையும் நல்லபடியாக வீடு திரும்பினால் போதும், டாக்டரிடம் கேள்வி கேட்காதீர்கள் என்று இன்னொரு சாரார். நான் பிரசவ வார்டில் செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவள். பணியின் பிற்பகுதியில் புதிதாக வந்த செவிலியர்களுக்கு அங்கேயே பயிற்சியும் கொடுத்தேன். இரண்டு தரப்புக் கடிதங்களையும் படித்துவிட்டுச் சொல்கிறேன்: கேட்க வேண்டிய கேள்வியை இருவருமே கேட்கவில்லை. ‘இதைச் செய்தவர்களையும் செய்யாதவர்களையும் ஒப்பிட்டு யாராவது சோதித்துப் பார்த்தார்களா?’ என்பதுதான் அது.

இந்தக் கேள்வி ஏன் உயிர்நாடியானது என்பதற்கு ஒரு பழைய சம்பவம் போதும். 1940-களிலிருந்து கருச்சிதைவைத் தடுக்கும் என்று சொல்லி டைஎதில்ஸ்டில்பெஸ்ட்ரால் என்ற செயற்கை ஈஸ்ட்ரோஜன் மாத்திரையைக் கர்ப்பிணிகளுக்குக் கொடுத்துவந்தார்கள். கொடுத்த டாக்டர்கள் நல்ல எண்ணத்தில்தான் கொடுத்தார்கள், வாங்கிச் சாப்பிட்ட பெண்களும் நம்பிக்கையோடுதான் சாப்பிட்டார்கள். 1953-இல் சிகாகோவில் ஆயிரத்து அறுநூறுக்கும் மேற்பட்ட கர்ப்பிணிகளை இரண்டாகப் பிரித்து, ஒரு பிரிவுக்கு இந்த மாத்திரையும் மறு பிரிவுக்கு மருந்து இல்லாத வெறும் மாத்திரையும் கொடுத்துப் பார்த்தார்கள். கருச்சிதைவு குறையவே இல்லை. அப்படியும் மருந்து நிற்கவில்லை. அந்தத் தாய்மார்களின் மகள்களுக்கு இளம் வயதிலேயே பிறப்புறுப்பில் அரிய வகைப் புற்றுநோய் வருவது 1971-இல் தெரிந்த பிறகுதான் கர்ப்பிணிகளுக்குக் கொடுக்கக் கூடாது என்ற எச்சரிக்கை வந்தது. சோதனையின் முடிவு கையில் இருந்தும், நடுவில் 18 ஆண்டுகள் போய்விட்டன.

இதற்கு நேர் எதிரான கதையும் உண்டு. நியூசிலாந்தில் லிக்கின்ஸ் என்ற மருத்துவர் செம்மறி ஆடுகளை ஆராய்ந்துகொண்டிருந்தபோது, ஸ்டீராய்டு கொடுத்தால் குறைமாதக் குட்டிகளின் நுரையீரல் சீக்கிரம் பக்குவப்படுவதைக் கவனித்தார். ஹோவி என்பவருடன் சேர்ந்து, குறைமாதத்தில் வலி கண்ட தாய்மார்களிடம் அதைச் சோதித்து 1972-இல் வெளியிட்டார். ஊசி போட்ட தாய்மார்களின் குழந்தைகளில் மூச்சுத்திணறலும் சாவும் குறைந்தன. அடுத்தடுத்து வந்த சோதனைகளும் பெரும்பாலும் அதையே காட்டின. ஆனால் அவற்றை ஒன்றாகச் சேர்த்துப் பார்க்க ஆளில்லாததால் பல ஆண்டுகள் இந்த ஊசி பரவலாகவில்லை. அதற்குள் எத்தனையோ குறைமாதக் குழந்தைகள் மூச்சுக்குத் திணறி இறந்துபோயின. ஒரே விஷயத்தைப் பற்றிய சோதனைகளை எல்லாம் தேடித் திரட்டி முடிவு சொல்வதற்காக 1993-இல் தொடங்கிய காக்ரேன் அமைப்பின் சின்னத்தில் இருப்பதே அந்த ஸ்டீராய்டு சோதனைகளின் வரைபடம்தான். ஆர்ச்சி காக்ரேன் என்ற மருத்துவரின் பெயரைத் தாங்கிய அமைப்பு அது. மருத்துவத் துறைகளிலேயே ஆதாரத்தை மிகக் குறைவாக மதிக்கும் துறை மகப்பேறுதான் என்று 1979-இல் வெளிப்படையாகச் சொன்னவர் அவர். அதைக் கேட்டு அந்தத் துறைக்குள்ளேயே சிலர் வேலையில் இறங்கினார்கள். இன்று நாம் பேசுகிற ஆதாரங்களில் பெரும்பகுதி அவர்கள் திரட்டத் தொடங்கியது.

சரி, வார்டுக்கு வருகிறேன்.

பயிற்சிக்கு வரும் பெண்கள் முதல் வாரத்தில் நிறையக் கேள்வி கேட்பார்கள். ‘சிஸ்டர், ஏன் எனிமா கொடுக்கிறோம்? பிறப்புறுப்பு முடியை ஏன் ஷேவ் பண்ணுகிறோம்?’ ஒரு மாதம் போனால் கேட்க மாட்டார்கள். கை பழகிவிடும், வாய் அடைத்துவிடும். ஷேவ் செய்வதால் தொற்று குறைகிறதா என்று 1922-லேயே சோதித்துப் பார்த்துவிட்டார்கள். குறையவில்லை. எனிமாவும் அப்படித்தான், தாய்க்கோ பிள்ளைக்கோ தொற்று குறைந்ததாக ஆதாரம் கிடையாது. உலக சுகாதார நிறுவனம் 2018-இல் வெளியிட்ட பிரசவகால வழிகாட்டலில் இரண்டையுமே வழக்கமாகச் செய்ய வேண்டாம் என்று எழுதியிருக்கிறது. வலியில் துடிக்கும் ஒரு பெண்ணுக்கு இவை எவ்வளவு கூச்சமும் வேதனையும் தரும் என்பதை நான் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன்.

பிறப்புறுப்பின் வாயைக் கத்தரிக்கும் எபிசியாட்டமி இன்னும் பெரிய விஷயம். ‘தானாகக் கிழிந்தால் தாறுமாறாகக் கிழியும், வெட்டிவிட்டால் நேராகத் தைக்கலாம்’ என்று சொல்லித்தான் முதல் பிரசவக்காரர்கள் எல்லோருக்கும் வெட்டிவந்தார்கள். கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. அர்ஜென்டினாவில் 2,600 பெண்களிடம் இதைச் சோதித்து 1993-இல் முடிவை வெளியிட்டார்கள். ஒரு பிரிவில் வழக்கப்படி பெரும்பாலானவர்களுக்கு வெட்டினார்கள். மற்றப் பிரிவில் தேவைப்பட்டால் மட்டும் என்று வைத்ததில் சுமார் 30 சதவீதம் பேருக்குத்தான் வெட்ட நேர்ந்தது. ஆசனவாய் வரை போகும் பெரிய கிழிசல், அதிகம் வெட்டிய பிரிவில் குறையவில்லை. எந்தக் காரணத்துக்காக வெட்டினார்களோ அந்தக் காரணமே நிற்கவில்லை. குழந்தையின் இதயத்துடிப்பு சரிந்து உடனே வெளியே எடுக்க வேண்டும், ஆயுதம் (பிள்ளையை இழுத்தெடுக்கும் கருவி) போட வேண்டும் என்றால் வெட்டலாம், அது வேறு. எல்லோருக்கும் வெட்டுவது கூடாது. தையலோடு உட்கார முடியாமல், சிறுநீர் கழிக்கப் பயந்து, பிள்ளைக்குப் பால் கொடுக்க ஒருக்களித்துப் படுக்கும் பெண்ணைக் கவனித்தவர்களுக்குத் தெரியும், இது சின்ன விஷயம் இல்லை.

அடுத்தது கடிகாரம். கருப்பை வாய் மணிக்கு ஒரு சென்டிமீட்டர் விரிய வேண்டும், இல்லாவிட்டால் பிரசவம் தாமதமாகிறது என்று எங்களுக்குக் கற்றுக்கொடுத்தார்கள். 1950-களில் ஃப்ரீட்மன் என்ற மருத்துவர் வரைந்த கோட்டிலிருந்து வந்த கணக்கு அது. பிற்பாடு ஆயிரக்கணக்கான பெண்களின் பிரசவப் பதிவுகளைப் பார்த்தபோது, எந்தச் சிக்கலும் இல்லாமல் பெற்றவர்களில் பலர் அந்த வேகத்தில் போகவே இல்லை என்று தெரிந்தது. 5 சென்டிமீட்டர் வரை மெதுவாகத்தான் போகும், சிலருக்கு மிக மெதுவாக. மணிக்கு ஒரு சென்டிமீட்டர் என்ற ஒரே கணக்கை வைத்து மருந்து ஏற்றவோ ஆபரேஷனுக்கு எடுக்கவோ கூடாது என்று 2018 வழிகாட்டல் தெளிவாகச் சொல்கிறது. 3 சென்டிமீட்டரில் சேர்த்துக்கொண்டு, அந்த நிமிடத்திலிருந்தே கடிகாரத்தை ஓடவிட்டு, ‘இன்னும் விரியவில்லையே, இன்னும் விரியவில்லையே’ என்று அந்தப் பெண் காதுபடச் சொல்லிக்கொண்டே இருந்தால் அவள் மனம் என்ன பாடுபடும்? தாயின் நாடி, ரத்த அழுத்தம், பிள்ளையின் துடிப்பு எல்லாம் நன்றாக இருக்கிறதென்றால் அவளுக்குக் கொடுக்க வேண்டியது நேரம். குடிக்கத் தண்ணீர் கொடுக்கலாம், சிக்கல் இல்லாதவர்கள் பசித்தால் சாப்பிடலாம். எழுந்து நடக்கலாம், எப்படி வசதியோ அப்படி உட்காரலாம். எல்லோரையும் மல்லாக்கப் படுக்கவைக்க ஆதாரம் எதுவும் இல்லை.

அவளுக்குப் பக்கத்தில் ஒரு ஆளும் வேண்டும். என் மனசுக்கு மிக நெருக்கமான விஷயம் இதுதான், கொஞ்சம் நீட்டி எழுதினால் பொறுத்துக்கொள்ளுங்கள். பிரசவம் முழுக்க ஒரு துணை கூடவே இருந்தால் என்ன ஆகிறது என்று 17 நாடுகளில் 15,000-க்கும் மேற்பட்ட பெண்களிடம் நடந்த சோதனைகளைத் திரட்டிய காக்ரேன் ஆய்வு 2017-இல் வந்தது. துணை இருந்த பெண்களுக்குச் சிசேரியன் குறைந்தது, ஆயுதம் போடுவது குறைந்தது, வலி மருந்து குறைந்தது, பிரசவ நேரமும் சுருங்கியது. அனுபவத்தைப் பற்றிக் கசப்பாகப் பேசியவர்களும் குறைவு. இத்தனை நன்மையும் கெடுதல் எதுவும் இல்லாமல் வருகிறது. கணவர், அம்மா, அக்கா, சிநேகிதி, பயிற்சி பெற்ற துணைப்பெண், யாராக இருந்தாலும் அவள் விரும்பிய ஆளாக இருந்தால் சரி. ஆனாலும் ‘இடம் இல்லை, கூட்டம் சேரும், தொற்று வரும்’ என்று வெளியே நிறுத்தும் வார்டுகள் இன்னமும் இருக்கின்றன. ஒரே நேரத்தில் பல பெண்களைப் பார்க்கும் செவிலியரால் ஒருத்தியின் கையையே பிடித்துக்கொண்டு இருக்க முடியாது. முதுகைத் தடவிவிட, ஒரு வாய்த் தண்ணீர் கொடுக்க, ‘இதோ இந்த வலியும் போய்விட்டது, பார்’ என்று சொல்ல ஆள் இருந்தால் எங்கள் வேலையும் இலகுவாகும். நடுவில் ஒரு திரைச்சீலை போட்டாலே இடப்பிரச்சினையில் பாதி தீரும். நிர்வாகத்தில் இருப்பவர்கள் இதைப் படித்தால் தயவுசெய்து யோசிக்க வேண்டும்.

இவ்வளவையும் படித்துவிட்டு ‘அப்படியானால் நாங்கள் சொன்னதுதான் சரி, மருத்துவமே வேண்டாம்’ என்று இயற்கைத் தரப்பினர் முடிவுக்கு வந்துவிட வேண்டாம். அவர்களுக்குத்தான் இதை அழுத்திச் சொல்கிறேன். பிள்ளை பிறந்ததும் தாய்க்கு ஆக்சிடோசின் ஊசி போடுவது சோதித்து உறுதியான விஷயம். கருப்பை சுருங்கி ரத்தப்போக்கு குறையும். எல்லாம் நல்லபடியாக முடிந்து, சிரித்துக்கொண்டே பிள்ளையைப் பார்த்த பெண் சற்று நேரத்தில் வெளிறிப்போவதை நான் கண்டிருக்கிறேன். யாருக்கு ரத்தம் போகும் என்று முன்கூட்டியே சொல்ல முடியாது. எவ்வளவு போயிருக்கிறது என்பதைக் கண்ணால் பார்த்துக் கணிப்பதும் பெரும்பாலும் குறைத்துத்தான் கணிக்கும். கென்யா, நைஜீரியா, தென்னாப்பிரிக்கா, தான்சானியா நாடுகளில் சுமார் 80 மருத்துவமனைகளில் ஒரு சோதனை நடத்தினார்கள். ரத்தத்தை அளக்கக் கோடு போட்ட பிளாஸ்டிக் விரிப்பைத் தாய்க்கு அடியில் விரித்தார்கள். அளவு தாண்டியதும் கருப்பையைத் தேய்ப்பது, ஆக்சிடோசின், ரத்தப்போக்கை நிறுத்த உதவும் டிரானெக்சாமிக் ஆசிட் மருந்து, டிரிப், எங்கிருந்து ரத்தம் வருகிறது என்று பரிசோதிப்பது ஆகியவற்றை ஒன்றன்பின் ஒன்றாகக் காத்திராமல் ஒரே மூச்சில் செய்தார்கள். கடுமையான ரத்தப்போக்கும் அதன் விளைவுகளும் 60 சதவீதம் குறைந்ததாக 2023-இல் அறிவித்தார்கள். விலையுயர்ந்த இயந்திரம் எதுவும் இல்லை. அளந்தார்கள், தாமதிக்காமல் செய்தார்கள், அவ்வளவுதான்.

கர்ப்பத்தில் ரத்த அழுத்தம் ஏறி வலிப்பு வருவதும் அப்படித்தான். தலைவலி, கண் மங்கல், மேல்வயிற்று வலி என்று வந்தால் வீட்டில் படுத்திருந்து பார்க்கிற நேரம் இல்லை அது. மெக்னீசியம் சல்பேட் ஊசி அந்த வலிப்பின் அபாயத்தைப் பாதிக்கும் மேல் குறைக்கிறது என்று 33 நாடுகளில் பத்தாயிரம் பெண்களிடம் நடந்த சோதனை 2002-இல் காட்டியது. கருத்தரிப்பதற்கு முன்பிருந்தே தினம் 400 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலம் சாப்பிடச் சொல்வதும் இதே போலச் சோதித்துக் கண்டதுதான். பிள்ளையின் முதுகுத்தண்டுக் குறைபாட்டைப் பெரும்பாலும் அது தடுக்கிறது. சிசேரியனைப் பற்றி ஒரே வரி: தேவைப்படும் இடத்தில் அது இரண்டு உயிரைக் காக்கும், தேவையில்லாத இடத்தில் ஒரு பெரிய அறுவைச் சிகிச்சையின் ஆபத்தை மட்டும் கொடுக்கும்.

இனி பிறந்த குழந்தை. வார்டில் எல்லோருக்கும் அவசரம் பிடித்துக்கொள்ளும் நேரம் அது. கொடியை உடனே வெட்டுவது, துடைத்து எடை பார்ப்பது, துணியில் சுற்றி வெளியே காத்திருப்பவர்களிடம் காட்டுவது என்று வரிசையாக நடக்கும். நல்லபடியாக மூச்சுவிட்டு அழும் பிள்ளைக்கு இதில் எதிலும் அவசரம் கிடையாது. ஒன்றிலிருந்து மூன்று நிமிடம் பொறுத்துக் கொடியைக் கட்டினால், நஞ்சுக்கொடியில் மிச்சமிருக்கும் பிள்ளையின் சொந்த ரத்தம் பிள்ளைக்கே போய்ச் சேரும். பல மாதங்களுக்கான இரும்புச்சத்து அதில் இருக்கிறது. குறைமாதக் குழந்தைகளில் இந்தப் பொறுமை உயிரையே காக்கிறது என்று 2023-இல் சோதனைகளைத் திரட்டிப் பார்த்தவர்கள் சொன்னார்கள்.

அப்புறம், வெற்று உடம்போடு பிள்ளையைத் தாயின் மார்பில் போட்டு, மேலே ஒரு துணி போர்த்தி, ஒரு மணி நேரமாவது அப்படியே விட்டுவிட வேண்டும். ஸ்வீடனில் 72 குழந்தைகளைக் கவனித்து 1990-இல் வெளியிட்ட ஆய்வை நான் பயிற்சிப் பெண்களுக்குத் திரும்பத் திரும்பச் சொல்வேன். பாதிப் பேரைத் தொடாமல் தாயோடு விட்டார்கள். மீதிப் பேரைச் சுமார் 20 நிமிடத்தில் எடை பார்க்க எடுத்துப்போய்த் திரும்பக் கொண்டுவந்து கொடுத்தார்கள். தொடாமல் விட்டவர்களில் பாதிக்கும் மேற்பட்ட குழந்தைகள் தாமாகவே தேடிப்போய்ச் சரியாகச் சப்பின. எடுத்துப்போன குழந்தைகளில் ஐந்தில் ஒன்றுதான் அப்படிச் சப்பியது. அந்த ஒரு மணி நேரத்தைப் பார்க்கும் பாக்கியம் எனக்குப் பலமுறை கிடைத்தது. முதலில் அழும், பிறகு அசையாமல் கிடக்கும், கண் விழிக்கும், வாயைச் சப்புக்கொட்டும், கால்களால் உந்தி உந்தி மேலே ஏறும். பாதியில் தூக்கினால் முதலிலிருந்து தொடங்க வேண்டும். எடை ஒரு மணி நேரத்தில் எங்கும் ஓடிவிடாது. சிசேரியன் ஆன தாயும் விழிப்போடும் நிலையாகவும் இருந்தால் இதைச் செய்யலாம். குளிப்பாட்டுவதை 24 மணி நேரமாவது தள்ளிவைக்கலாம்.

தாய்ப்பால் விஷயத்தில்தான் பெண்களை நாம் மிகவும் அலைக்கழிக்கிறோம். ‘பால் இல்லை’ என்ற இரண்டு வார்த்தையில் எத்தனை தாய்மார்கள் உடைந்துபோயிருக்கிறார்கள்! முதல் இரண்டு மூன்று நாள் வருவது சீம்பால். ஒரு வேளைக்குச் சில மில்லிதான் இருக்கும், பிள்ளைக்கும் அப்போது அவ்வளவுதான் வேண்டும். பால் நிறையச் சுரக்கத் தொடங்குவது இரண்டிலிருந்து நான்காம் நாளுக்குள். பிள்ளை நாளைக்கு எட்டு முதல் பன்னிரண்டு முறை குடிக்கும். முதல் நாட்களில் எடை கொஞ்சம் குறைவதும், இரண்டு வாரத்துக்குள் பிறந்த எடைக்குத் திரும்புவதும் வழக்கம். காம்பு வெடித்து வலிக்கிறதென்றால் பிள்ளை காம்பை மட்டும் பிடிக்கிறது, வாயை அகலத் திறந்து கருவட்டத்தையும் சேர்த்துப் பிடிக்கவைக்க வேண்டும். இதைப் பொறுமையாக உட்கார்ந்து காட்டிக்கொடுக்க ஒரு ஆள் இருந்தால் பெரும்பாலான ‘பால் இல்லை’ தீர்ந்துவிடும். வெறும் ஊகமாகச் சொல்லவில்லை. பெலாரஸ் நாட்டில் 17,000 தாய்-சேய்களை வைத்து நடந்த சோதனையில், ஊழியர்களுக்குப் பயிற்சி கொடுத்த மருத்துவமனைகளில் மூன்று மாதத்தில் தாய்ப்பால் மட்டுமே குடித்த குழந்தைகள் 43 சதவீதம். பழையபடி நடந்த இடங்களில் 6 சதவீதம்தான். இரண்டு இடத்துப் பெண்களின் உடம்பும் ஒன்றுதான், மாறியது அவர்களுக்குக் கிடைத்த உதவி மட்டும். ஆகவே ‘உனக்குப் பால் இல்லை’ என்று ஒரு தாயைக் குற்றவாளி ஆக்குவதற்கு முன், அவளுக்கு யார் சொல்லிக்கொடுத்தார்கள் என்று கேளுங்கள். எல்லா உதவியும் கிடைத்த பிறகும் உண்மையிலேயே பால் போதாத பெண்கள் இருக்கிறார்கள். அவர்கள் பிள்ளைக்கு மாற்றுப் பால் கொடுப்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை, பட்டினி போடக் கூடாது.

ஆசிரியர் அவர்களே, உங்களிடம் இரண்டு வேண்டுகோள். கர்ப்பம், பிரசவம், பாலூட்டல் பற்றி ஆலோசனைக் கட்டுரை வெளியிடும்போது, எழுதியவர் டாக்டராக இருந்தாலும் வேறு யாராக இருந்தாலும், ‘இதை எத்தனை பெண்களிடம், எதோடு ஒப்பிட்டுச் சோதித்தார்கள்?’ என்று கேட்டு அந்த ஒரு வரியையும் சேர்த்து அச்சிடுங்கள். பதில் இல்லையென்றால் இது எழுதியவரின் அனுபவம் மட்டுமே என்று போடுங்கள், வாசகர்கள் புரிந்துகொள்வார்கள். இரண்டாவது, சுகாதாரப் பக்கத்தின் ஓரத்தில் ஒரு பெட்டிச் செய்தியாவது அடிக்கடி வர வேண்டும்: பிறந்த குழந்தை பால் குடிக்க எழுப்பியும் எழவில்லை, முதல் 24 மணி நேரத்துக்குள்ளேயே மஞ்சள் தெரிகிறது, ஐந்தாம் நாளுக்குப் பிறகும் நாளைக்கு ஆறு முறை சிறுநீர் போகவில்லை, உடம்பு சுடுகிறது அல்லது சில்லிட்டிருக்கிறது, மூச்சு வாங்குகிறது; தாய்க்குக் கட்டி கட்டியாக ரத்தம் போகிறது, காய்ச்சல், விடாத தலைவலி, மூச்சுத்திணறல், ஒரு காலில் மட்டும் வீக்கம். இவற்றில் ஒன்று இருந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்காமல் அப்போதே மருத்துவமனைக்குப் போக வேண்டும். நீங்கள் அச்சிடுவதாக இருந்தால் முழுப் பட்டியலையும் எழுதி அனுப்பத் தயாராக இருக்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பிரசவ வார்டு செவிலியர்